டேங்க்கின் இடது பக்கம்

திருநின்றவூர்
செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள பூபாலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மோகனப்பிரியாவும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் நலம். அப்பாவும் நலம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை அதை எழுதப்போவதில்லை. ஏன் என்று படித்து முடிப்பதற்குள் தெரிந்துகொள்வாய். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் உங்கப்பா சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அவர்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், அம்மாகிட்டக் கொடுங்கப்பா என்று நீ சொல்லும் நேரத்துக்கு உனக்கு வேறு ஒரு கால் வந்துவிடும். என்னோடு தனியாகப் பேச உனக்கு என்றைக்கு நேரம் இருந்தது. அதனால் இதைத் தீபாவளிப் பார்சலில் டேங்க்குக்கு அடியில் மடித்து வைத்து அனுப்புகிறேன். அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், பொடி டப்பாக்களுக்குப் பேர் எழுதி ஒட்டுகிறேன் என்றேன், சரி என்று தலையாட்டிவிட்டார். இரண்டடி தூரத்தில் இருக்கும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. விஷயமே அதுதான்.

டேங்க் என்றதும் எது என்று யோசிப்பாய். நீ வாங்கி அனுப்பியதுதான். ஆர்டர் போட்டவனுக்கு அன்றைக்கே மறந்துவிடும், பிரித்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் நினைவு இருக்கும். அப்பா ரிடயர் ஆன அன்று, யுத்த டேங்க் செய்கிற அந்தப் பேக்டரியிலிருந்து வழக்கப்படி வேனுக்கு வாழைக்கன்று கட்டி, மேளம் வைத்து, மாலையோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட வருகிறவர்களுக்குக் கேசரியும் போண்டாவும் செய்து வைத்திருந்தேன். ஆரத்தி எடுக்கும்போது பக்கத்தில் மகன் நிற்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், பெயிண்ட் ஷாப்பில் கூட வேலை பார்த்த பாபு அண்ணன் சட்டென்று வந்து அந்த இடத்தில் நின்றார். உனக்கு லீவு இல்லை. இரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது, கடைக்காரனே அச்சடித்த வாழ்த்து அட்டையோடு. உள்ளே ஒட்டிச் செய்கிற பொம்மை டேங்க்குக்கான பிளாஸ்டிக் துண்டுகள், சின்னச் சின்ன பெயிண்ட் பாட்டில்கள், பிரஷ், பசை. பெட்டி மேல் இருந்த படத்தை அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இது நம்ம டேங்க் இல்ல வடிவு, ஜெர்மன்காரன் யுத்தத்தில ஓட்டினது என்றார். முப்பத்திரண்டு வருஷம் டேங்க்குக்குப் பெயிண்ட் அடித்த மனுஷனுக்கு, அவர் கையே படாத ஒரு டேங்க்கை அனுப்பி வைத்திருக்கிறாய். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் குடும்பத்தை உள்ளே விடுவார்கள், உன்னைத் தூக்கி மேலே உட்கார வைப்பார், போட்டோ எடுக்க விடமாட்டார்கள் என்பதால் நன்றாகப் பார்த்துக்கோடா, மறக்காதே என்று உன் காதில் சொல்வார். நீ மறந்துவிட்டாய். நான் அதை அப்போதே உனக்கு எழுதியிருப்பேன், அவர்தான், பிள்ளை ஆசையா அனுப்பியிருக்கான், வாயை மூடு என்று பெட்டியைப் பரணில் வைத்துவிட்டார்.

அது பரணிலேயே இருந்திருக்கும். இந்தச் சித்திரையில் உன் அயனம்பாக்கம் பிளாட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வாடகைக்குக் குடியிருக்கும் பிள்ளைகள் உனக்கு மெசேஜ் போட, நீ அப்பாவுக்கு மெசேஜ் போட, அவர் இந்த வெயிலில் ரயிலும் ஷேர் ஆட்டோவும் மாறிப் போய் ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டு இறங்கும்போது கடைசி இரண்டு படியைத் தவறவிட்டு விழுந்தார். முட்டி வீங்கிவிட்டது. உனக்குச் சொல்லக் கூடாது என்றார், நானும் சொல்லவில்லை. ஏரியைப் பார்த்த பால்கனியோடு நீ வாங்கிப்போட்ட வீட்டில் யாரோ காற்று வாங்குகிறார்கள், நாங்கள் இங்கே வாடகை வீட்டில் கொசுவர்த்தி கொளுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அதையும் நான் சொல்லவில்லை, இப்போது வாயில் வந்துவிட்டது. படி உடைந்திருந்தது என்று அவர் சொன்னார். சபீனாவின் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனபோது பார்த்துவிட்டு வந்து, படி நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சபீனா நம் பக்கத்து வீட்டுப் பெண், நீ பார்த்ததில்லை, நீ கடைசியாக வந்தபோது அவர்கள் குடிவரவில்லை.

முட்டிக் கட்டோடு நடக்க முடியாமல் வீட்டில் கிடந்தவர் பெட்டியை இறக்கச் சொன்னார். அன்றிலிருந்து இந்த வீடு என் வீடு இல்லை, டேங்க் வீடு. சாப்பாட்டு மேசை அவருக்கு, நான் தரையில் தட்டு வைத்துச் சாப்பிட்டேன். என் நகவெட்டியால் ஒவ்வொரு துண்டாகச் சட்டத்திலிருந்து வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, குண்டூசி முனையில் பசை தொட்டு ஒட்டுவார். தூசி ஒட்டும் என்று ஃபேன் போடக் கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் ஃபேன் இல்லாமல் இருந்திருக்கிறாயா நீ. ஒட்டியது காயும்வரை என் இட்லிப்பானை மூடியை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுவார், மூன்று நாள் தோசைதான். சக்கரம் மட்டும் எத்தனை என்று நினைக்கிறாய், ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் அளவு. ஒன்று கீழே விழுந்தால் வடிவு என்று ஒரு குரல், நான் வந்து குனிந்து தேட வேண்டும். முதலில் என்றைக்கோ ஒன்று விழுந்தது, ஆடி மாதத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு விழுந்தது. அவர் காலடியிலேயே கிடக்கும், அவர் பார்க்கமாட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, என்னை வேலை வாங்குவதற்கென்றே செய்கிறார் என்று கத்தினேன். கண்ணால் பார்த்து ஒட்டுவதை விட்டுவிட்டு விரலால் தடவித் தடவி ஒட்ட ஆரம்பித்ததையும் பார்த்தேன், வயசானால் எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஆவணியில் இங்கே ஸ்கூலில் கண் முகாம் போட்டார்கள். நான் கண்ணாடி மாற்றப் போனேன், கூட அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சர்க்கரையால் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிகிறது அம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிக்கொண்டு போங்கள், ஊசியோ லேசரோ வைக்க வேண்டியிருக்கும், தள்ளிப்போட்டால் மீதி இருப்பதும் போய்விடும், போனது திரும்ப வராது என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். முகாமில் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், ஆள் பிடிக்கிற வேலை என்றார். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது என்றார். ஒரு நாள் விடாப்பிடியாக ஆட்டோ வைத்துப் பூந்தமல்லி பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். பாதி வழியில் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினார், இறங்கியவர் மறுபடி ஏறவில்லை, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சொல்வதை இந்த வீட்டில் யார் கேட்டார்கள், அப்பா கேட்கவில்லை, நீயும் கேட்டதில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. பெட்டியில் வந்த பாட்டில்கள் நாலு, பச்சை, மஞ்சள், காவி, கறுப்பு. பெட்டிப் படத்தில் மூன்று கலரும் கலந்து பட்டை பட்டையாக இருக்கும். அதெல்லாம் வேண்டாம், முழுசும் நம்ம பச்சைதான் என்று அப்பா முடிவுசெய்துவிட்டார். எந்த நாட்டு டேங்க்காக இருந்தால் என்ன, என் கைக்கு வந்தால் பச்சை என்றார், அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பு பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் நாலு பாட்டிலையும் வரிசையாக வைத்திருப்பார், கைக்கு முதலில் பச்சை. பூஜைக்கு முன்னால் மேல்பாகமும் வலது பக்கமும் அடித்து முடித்துவிட்டார், இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆயுத பூஜை வந்தது. வீடு முழுக்க ஒட்டடை அடித்துக் கழுவி, அரிவாள்மனை, தையல் மெஷின், அவருடைய ஸ்குரூ டிரைவர், பிரஷ், அந்த நாலு பாட்டில் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படையலில் வைத்தேன். அன்றைக்கு எதையும் தொடக் கூடாது, தொடவில்லை. மறுநாள் கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் எடுத்து அந்தந்த இடத்தில் வைத்தேன். பாட்டில்களைக் கைக்கு வந்தபடி ஜன்னலில் வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன். அதில் ஒரு தப்பும் இல்லை, எல்லா வீட்டிலும் செய்வதுதான். முதலில் வைத்தது காவி போலிருக்கிறது.

அவர் உட்கார்ந்து இடது பக்கத்தை முழுசாக அடித்தார். அடித்து, மூடி கவிழ்த்து, சாயங்காலம் மூடியைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் செங்கல் கலரில் காவி. பெட்டிப் படத்தில் இருந்த மாதிரி செய்ய மனசு மாறிவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் டேங்க்கை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, ரெண்டு பக்கமும் ஒரே சீரா வந்திருக்கு பாரு என்றார். பூபாலா, பெயிண்ட் ஷாப்பில் ஒரு தகட்டுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நூலளவு கலர் மாறினால் நிறுத்தச் சொல்கிற மனுஷன். என்னங்க, இது காவிங்க என்றேன். உனக்கு முதல் நாளிலிருந்தே இது ஆகாது, இப்ப குசும்பு வேற பண்ணு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இத்தனை மாதம் அந்த டேங்க்கைத் திட்டிய திட்டுக்கு, அதைப்பற்றி நான் உண்மையைச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

பாபு அண்ணன் ஒரு நாள் பார்க்க வந்தார். அவர் பேக்டரி இருக்கிற ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சு உனக்குத் தெரியுமே. இன்னா கிருபா, டேங்க்கு சும்மா ஷோக்கா கீதுப்பா என்று சொல்லிக்கொண்டே கையில் வாங்கினார், இடது பக்கத்தைத் திருப்பினார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், அண்ணி, இன்னா இது, அவனுக்குக் கண்ணு தெரிலயா, ஒரு பக்கம் செவப்பா கீதே என்றார். நீங்களே சொல்லுங்கண்ணா என்று கெஞ்சினேன். அவன்கிட்ட கலர் தப்புன்னு நான் எப்டி அண்ணி சொல்வேன், அங்க அவன் சொன்னா சொன்னதுதான், எனக்கு வாய் வர்ல என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சபீனாவோ, அதுவும் ஒரு டிசைன்னு நினைச்சேன் ஆன்ட்டி, அங்கிள்கிட்ட நல்லா இருக்குன்னு சொல்லிட்டேனே என்றாள். பார்க்க வந்த எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வெளி மனுஷர்கள், அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் வந்தாய். அப்பா காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேங்க்கை எடுத்து போனுக்கு எதிரில் பிடித்து மெதுவாகத் திருப்பினார், வலது பக்கம், மேலே, பின்னால், பிறகு இடது பக்கம். இடது பக்கத்தை நிறைய நேரம் காட்டினார். நான் பின்னால் நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். உன் கண் வேறு எங்கேயோ இருந்தது, கீபோர்டு தட்டும் சத்தம் இங்கே கேட்டது. சூப்பர்ப்பா, புரொஃபஷனல் மாதிரி இருக்குப்பா என்றாய். அவ்வளவுதான். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி போயிருக்கும். என் பக்கம் திரும்பி, கேட்டியா, எஞ்சினியர் சொல்லிட்டான், என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, இனிமே ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்காதே என்றார். நான் இரண்டு மாதமாக மன்றாடியதை நீ ஒரு வார்த்தையில் முடித்துவைத்தாய். கலர் கலராக இருப்பதுதான் ஸ்டைல் என்று நினைத்தேன் அம்மா என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. நீ பார்க்கவே இல்லை.

எட்டாவது படிக்கும்போது குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பிக்கு உன்னைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாரே, நினைவிருக்கிறதா. ஒரு கம்பியில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்து நின்றது. சுரண்டிவிட்டு முழுசும் மறுபடி அடி என்றார். நீ அழுதாய், நான் உனக்காக அவரோடு சண்டை போட்டேன், குழந்தைதானே, நல்லா இருக்குன்னு சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். நல்லா இருக்குன்னு பொய் சொன்னா அவன் கை அப்படியே பழகிடும் என்றார். அன்றைக்கு எனக்கு அது கல்நெஞ்சாகத் தெரிந்தது. இன்றைக்கு அதே வேலையைத்தான் உன்னைச் செய்யச் சொல்கிறேன். நீ வா என்று நான் கேட்கவில்லை, கேட்பதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது, வந்தால் சந்தோஷம். பணம் அனுப்பவும் வேண்டாம், வைத்தியச் செலவுக்கு அவருக்கு பேக்டரியில் கொடுத்த கார்டு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தீபாவளி கழித்து வருகிற புதன்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சபீனாவின் வீட்டுக்காரர் காரில் கொண்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பாக்கி இருப்பது அவர் வாசற்படி இறங்குவதுதான். அதற்கு உன் வார்த்தை ஒன்று வேண்டும்.

டேங்க்கை அவனுக்கே அனுப்பிவிடு, அவன் மேசையில் இருக்கட்டும் என்று அப்பாவே சொல்லித்தான் இந்தப் பார்சல். பீரங்கிக் குழாய் மெல்லியது, பஞ்சில் சுற்றியிருக்கிறேன், அவசரப்பட்டு உருவாதே. எடுத்து வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கத்தையும் பார். பார்த்துவிட்டு அன்றைக்கே அவரைக் கூப்பிடு, ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காதே, லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கூப்பிடு. அப்பா, இடது பக்கம் காவி அடித்திருக்கிறீர்கள், இது தப்பு என்று சொல். மெதுவாகச் சொல்கிறேன் என்று சுற்றி வளைத்தால் அவர் பிடிகொடுக்கமாட்டார், அவர் உன்னிடம் சொன்ன மாதிரியே வெட்டிச் சொல். கோபப்படுவார், போனை வைத்துவிடுவார், சாப்பிடமாட்டார், அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான். மறுபடி கூப்பிட்டு மறுபடி சொல். நான் சொன்னால் குசும்பு, பாபு அண்ணனுக்கு வாய் வரவில்லை, மிச்சம் நீ ஒருவன்தான். கடிதம் எழுதியதை மட்டும் காட்டிக்கொடுக்காதே, நீயாகவே பார்த்துக் கண்டுபிடித்ததாக இருக்கட்டும். அவருக்கு அதுவாவது கிடைக்கட்டும்.

பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் ஈரம் படாமல் வை. அதிரசம் மோகனப்பிரியாவுக்குப் பிடிக்கும் என்று கொஞ்சம் கூடவே வைத்திருக்கிறேன், உடைந்திருந்தால் குறை சொல்லாமல் சாப்பிடச் சொல். நீயும் சர்க்கரைக்குச் சோதனை செய்துகொள், அது அப்பா வழியில் வருவது, வயசு ஆகட்டும் என்று இருக்காதே. ராத்திரி வேளையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்காராதே. இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு கசப்பாக எழுதினாலும் உன்னை வாழ்த்தாமல் என்னால் பேனாவை மூட முடியாது.

ஒன்று மறந்துவிட்டேன். டேங்க்கைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார். பெயிண்ட் அடிக்காத இடத்தில் கறுப்பில் உன் பேரை எழுதியிருக்கிறார். அது ஒன்றாவது சரியாக இருக்கட்டும் என்று கறுப்பு பாட்டிலை நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன். எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்ததால் அது பூபாலன் என்று எனக்குத் தெரியும். உனக்கு வாசிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு போனை எடு.

இப்படிக்கு,
உன் போனுக்குக் காத்திருக்கும் அம்மா,
வடிவு கிருபாகரன்